எழுத்தில்லாத மூன்றாம் தாள்

கில்வெரா வரலாற்றுச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் டெஸ் ஹானிகனை நம்பி ஊர் ஒப்படைத்தவை மூன்று: ஒரு சாவி, ஒரு பிஸ்கட் டின், கட்டடக் கலைஞர் எட்கர் வென்னிங்கின் காகிதங்கள் அடங்கிய பதினேழு பெட்டிகள். சாவியை அவன் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தான். பெட்டியிலிருந்து ஒன்று காணாமல் போனது. வெள்ளிக்கிழமை காலை, இதை அவமானம் குறைவாக வருகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே உனா பாஸ்கோவின் கோழிக்கூட்டு வாசலில் வந்து நின்றான். பக்கத்தில் வென்னிங்கின் மகள் ஹில்டா, வைக்கோல் தொப்பியைக் கழற்றாமல் நின்றாள்.

உனா முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கூரை போன வீடுகளுக்குள் நடந்து, எந்தத் தகரத்தைக் காற்று பிய்த்தது, எதை வீட்டுக்காரர் கழற்றினார் என்று குரல் உயர்த்தாமல் சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அவளைக் கண்டால் ஊரில் சிலர் எதிர் நடைபாதைக்கு மாறுவார்கள்.

"தொலைஞ்சுபோச்சா, உடைஞ்சுபோச்சா?" என்றாள், சோளத்தை இறைத்துக்கொண்டே.

"தொலைஞ்சுபோச்சு."

"யார் கையில இருந்தப்போ?"

"என் கையிலதான்," என்றான் டெஸ். ஒத்திகை அத்தனையும் வீண்.

"அப்ப உட்காரு. தொலைச்சவன் நின்னுக்கிட்டே சொன்னா பாதிக்குப் பாதி சப்பைக்கட்டுதான் வரும்."

கவிழ்த்துப் போட்ட வாளியில் அவன் உட்கார்ந்தான். பேசியது ஹில்டா.

"எங்கப்பா கட்டின நினைவு மண்டபத்தை ஊர்ல எப்படிக் கூப்பிடறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியாதவர் யார்? 1937இல் போர்வீரர் நினைவாகக் கட்டிய மண்டபம். நீளவாக்கில் வராந்தா இருந்தது, ஆனால் கிழக்கே. மேற்கே பதினொரு பெரிய ஜன்னல்கள், நிழலுக்கு ஒரு முழம் கூரைகூட இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்தால் ஆள் வெந்துபோவான். பள்ளி விழா என்றால் ஈரத்துணியும் வாளியும் முன்கூட்டியே தயாராக இருக்கும். ஊர் அதற்கு வைத்த பெயர் 'வென்னிங் அடுப்பு'.

"அதுக்கப்புறம் அவருக்கு ஒரு பொதுக் கட்டடம்கூட யாரும் கொடுக்கல. கடைசி இருபது வருஷம் கரும்பு வெட்டறவங்க கொட்டகையும் கோழிக்கூடும்தான் வரைஞ்சார்."

"தெரியும்," என்றாள் உனா. "நீ சாஞ்சு நிக்கறது அவர் வரைஞ்ச கூடுதான். ஐம்பத்தொண்ணுல என் மாமனாருக்காகப் போட்டது. மேற்குப் பக்கம் கூரை எவ்வளவு இறங்கியிருக்கு பாரு. சாயங்காலம் எல்லாக் கோழியும் அங்கதான் நிக்கும்."

ஹில்டா அந்தக் கூரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்தாள். சங்கம் மறுநாள் வைக்கவிருந்த கண்காட்சிக்காக டெஸ் எழுதியது. அட்டையிலேயே, 'சூரியன் எந்தப் பக்கம் மறைகிறது என்று கேட்க மறந்த மேதை' என்று போட்டிருந்தான். எழுதிய அன்று தானே இரண்டு தடவை படித்துச் சிரித்த வரி. இப்போது உனா அதை வாய்விட்டுப் படித்தபோது, கோழிகள்கூடத் தன்னைப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது.

"இதைப் பார்த்துட்டுத்தான் புதன்கிழமை காலைல டெஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். மண்டபத்து வரைபடம் ஆறு தாள். அதுல மூணாவது எழுத்தே இல்லாத தாள், அதைப் பார்த்தா இந்தப் பிரசுரத்தை நீயே கிழிச்சுப் போட்டுடுவே, நாளைக்கு வந்து காட்டறேன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் போய் நாடாவை அவிழ்க்காமலே சுருளோட ஓரத்தைப் புரட்டினா அஞ்சுதான் இருக்கு, அஞ்சுலயும் எழுத்து." அவள் குரல் இறங்கியது. "எனக்கு அறுபத்திரண்டு வயசு, உனா. யாராவது 'அடுப்பு'ன்னா இன்னமும் சாமான் வாங்காமலே கடையை விட்டு வெளிய வந்துடறேன். அப்பா பேரைக் காப்பாத்த என்கிட்ட இருந்தது அந்த ஒரு தாள்தான்."

"போன் வந்ததை யார்கிட்ட சொன்னே?" என்று உனா டெஸ்ஸைக் கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல." அவன் தொண்டையைச் செருமினான். "புதன்கிழமை டீ நேரத்துல நீவெஸ்கிட்டயும் மேயர்கிட்டயும் மட்டும்."

நீவெஸ் பொனால்டி சங்கத்துக்கு டீ போடுபவள், கரும்பு விவசாயி வீட்டுக்காரி. மேயர் என்பது லயல் ஹாப்டே, சங்கத் தலைவர். பதவியை விட்டுப் பத்து வருடமாகியும் ஊரார் வாயில் மேயர்தான்.

"சாவி எங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"உனா, அதுலதான் பிஸ்கட்டும் இருக்கு."

*

காகிதங்கள் இருந்த அறை பழைய வாசகசாலையின் பின்கட்டில். காணாமல் போனதைத் தாள் என்று சொல்வது வழக்கமே தவிர, அது மெல்லிய துணி. கஞ்சி ஏற்றி மெருகு போட்டது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். ஒரு படத்தின் மேல் இன்னொரு துணியை விரித்து நகல் எடுக்க அதுதான் அந்தக் காலத்து வழி.

உனாவுக்கு விளக்கம் சொல்லும் உற்சாகத்தில் டெஸ்ஸுக்குத் தன் குற்றம் கொஞ்சம் மறந்தது. "செவ்வாய்க்கிழமை நான் பட்ட பாடு! ஐம்பது வருஷமா மை வெளிப்பக்கம் தெரியச் சுருட்டி வச்சிருக்காங்க. மை உரசிப்போயிடாது? அத்தனையையும் மை உள்பக்கம் வர்ற மாதிரி திருப்பிச் சுருட்டினேன். ஒவ்வொண்ணும் முண்டிக்கிட்டு நிமிருது. நாலு மூலைக்கு நாலு டீக்கோப்பை வச்சு அழுத்தி... ஒரு கோப்பை உடைஞ்சுபோச்சு."

"நல்லாப் பாடுபட்டிருக்கே," என்றபடி உனா சுருளைக் கையில் எடுத்தாள். நாடாவை அவிழ்க்குமுன் ஜன்னலோரம் போய், வெளிச்சுற்றில் தெரிந்த கூரைச் சட்டங்களின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு மேசையில் விரித்தாள். ஐந்து தாள்களும் ஆமை முதுகு மாதிரி மெல்ல வளைந்து படிந்து கிடந்தன. அவள் கோப்பை எதுவும் கேட்கவில்லை.

ஐந்திலும் தலைப்புகள் மிக அழகான எழுத்தில் இருந்தன. 1937 என்ற எண்ணில் மூன்றின் தலை வளையாமல் தட்டையாக இருந்தது. வராந்தா தெரிகிற பக்கத்தோற்றத்தின் கீழ் 'கிழக்கு' என்று தெளிவாக எழுதியிருந்தது.

"பார்த்தீங்களா," என்று டெஸ் முணுமுணுத்தான், ஹில்டாவுக்குக் கேட்காமல். "அவரே கிழக்குன்னு எழுதியிருக்காரே."

"யாரோ எழுதியிருக்காங்க." உனா சுவரோரம் அடுக்கியிருந்த கண்காட்சி அட்டைகளைப் பார்த்தாள். '1923, தீயணைப்பு நிலையம்', '1934, திரையரங்கு.' "இதெல்லாம் அச்சடிச்சதா?"

"மேயர் கைப்பட எழுதினது. அறுபத்தேழு வயசுல என்ன கை பாருங்க."

உனா ஒரு அட்டையை எடுத்து வரைபடத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். டெஸ் அதைக் கவனிக்கவில்லை. பின்ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்துவிட்டான். சந்துக்கு அந்தப் பக்கம் நீவெஸ் வீட்டு வராந்தாக் கொடியில், மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று ஈரமாகத் தொங்கியது.

அவன் மண்டைக்குள் பத்து விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. போர்க்காலத்தில் துணிக்குப் பங்கீடு இருந்தபோது, பெண்கள் இந்தப் படத்துணியைக் கொதிக்க வைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டுக் கைக்குட்டை தைத்தார்கள் என்று அவனே சங்க இதழில் எழுதியிருந்தான். உனா "டெஸ்" என்று கூப்பிட்டாள். அதற்குள் அவன் சந்தைத் தாண்டியிருந்தான்.

நீவெஸ் வாசலில் மாவு ஒட்டிய கையோடு நின்றாள்.

"நீவெஸ், அந்தத் துணி எங்கேயிருந்து வந்தது?" என்று டெஸ், தன்னிடம் இருப்பதாக அதுவரை அவனே அறியாத ஒரு குரலில் கேட்டான்.

"ஏன், உனக்குச் சட்டை வேணுமா?"

"அது வரைபடத் துணி. எனக்குத் தெரியும். வேகவச்சிருக்கே. பெட்டியிலேர்ந்து எடுத்ததை ஒத்துக்கிட்டா மேயர்கிட்ட நானே பேசறேன்."

நீவெஸ் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துணியைக் கொடியிலிருந்து எடுத்து அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். ஒரு முழ நீளம். கழுத்தில் சுருக்கம், அடியில் பின்னல். குழந்தையின் ஞானஸ்நான அங்கி.

"வரைபடத் துணிதான். நாப்பத்திரண்டுல, சண்டை நடந்தப்போ, எங்கப்பாவை இத்தாலிக்காரன், எதிரின்னு முகாம்ல போட்டு வச்சிருந்தாங்க. ஊர்ல யாரும் எங்ககூடப் பேசறதில்ல. என் தம்பி பொறந்தான். வென்னிங் ஐயா வீட்டுப் படியேறி வந்து, புதுத் துணி ரெண்டு கெஜம் எங்கம்மா கையில குடுத்துட்டுப் போனாரு. அதிலேர்ந்து எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாத்துக்கும் இதுதான். ஞாயித்துக்கிழமை என் பேரனுக்கு. வெளிய போட்டா கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்கிற சாம்பல் படியும்னு வராந்தால போட்டேன். போதுமா, போலீஸ்காரரே?"

டெஸ் தரையைப் பார்த்தான். தரை உதவிக்கு வரவில்லை. "நீவெஸ், நான்..."

"நாப்பத்திரண்டுல எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் ஒருத்தர் வந்து கேட்டாராம். அவராவது கதவைத் தட்டிட்டு வந்தாரு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பின்னாலேயே மூச்சு வாங்காமல் வந்து சேர்ந்த உனா, அங்கியைக் கையில் வாங்கினாள்.

"இந்தக் கை ஏன் இப்படித் திரும்பியிருக்கு?"

"கண்ணுல பட்டுடுச்சா? ரெண்டுமே இடது கை." நீவெஸ் தன்னை மீறிச் சிரித்தாள். "வென்னிங் ஐயா துணி ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும், இன்னொரு பக்கம் பூனை நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கும். எங்கம்மா வலது கையை அதுமேல வரைஞ்சு வச்சா. பின்னாலேயும் கோடு பளிச்சுன்னு தெரியுமில்ல? எது முன்பக்கம்னு பார்க்காம, திருப்பிப் போட்டுப் பின்பக்கக் கோட்டை வச்சு வெட்டிட்டா. எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் ரெண்டு இடது கையோடதான் ஞானஸ்நானம் வாங்கியிருக்கு."

உனா அங்கியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். மிகக் கவனமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"டெஸ், நாலு மணிக்கு எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லு. கண்காட்சிச் சுவரொட்டி நாலஞ்சு எடுத்துக்கோ. அதுவரைக்கும் யார்மேலயும் குற்றம் சாட்டாம இருக்க முடியுமான்னு பாரு."

*

நாலு மணிக்கு மண்டபம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பதினொரு ஜன்னல் வழியாகவும் வெயில் பாய்ந்து மரத்தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. ஹில்டா தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். நீவெஸ் டெஸ்ஸிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். லயல் ஹாப்டே கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியைத் துடைத்தார்.

"அடுப்பு நல்லாப் பத்திக்கிச்சு போலிருக்கே," என்றார் வழக்கம்போல. யாரும் சிரிக்கவில்லை. அவரும் உடனே வாயை மூடிக்கொண்டார்.

"அதிக நேரம் வேகவிட மாட்டேன், மேயர்," என்றாள் உனா. "முதல்ல ஒரு சின்ன வேலை. ஆளுக்கொரு சுவரொட்டி. உங்க தெருவுல ஒட்டறதுக்குச் சுருட்டி எடுத்துக்கோங்க."

மூவரும் சுருட்டினார்கள். ஹில்டா படம் உள்ளே போகுமாறு மெதுவாகச் சுருட்டினாள். நீவெஸ் மாவைச் சுருட்டுகிற வேகத்தில் படத்தை உள்ளே தள்ளினாள். ஹாப்டே சுவரொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஓரங்களை விரலால் தட்டிச் சமன் செய்து, படம் வெளியே தெரியச் சுருட்டினார். இரண்டே வீச்சு.

"வெளிப்பக்கமா சுருட்டியிருக்கீங்க."

"அப்பத்தான் விரிச்சா மேசைல படியும். உள்பக்கமா சுருட்டினா மூலை நிமிரும்." சொல்லும்போதே அவர் கை நின்றுவிட்டது.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

வெளியே கரும்பு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக நெடுநேரம் போனது. கடைசிப் பெட்டியும் போன பிறகு ஹாப்டே சொன்னார்: "எட்கர்."

டெஸ் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினான். பத்து நிமிடம் முன்புவரை, திருடன் யாராக இருந்தாலும் பிடிபட்டால் கைதட்டலாம் என்றிருந்தான்.

"டெஸ் செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் மை உள்பக்கமா சுருட்டினான்," என்றாள் உனா, புயல் சேதத்துக்கு அறிக்கை வாசிக்கிற அதே குரலில். "நான் பார்த்தப்போ மை வெளியே இருந்தது. நடுவுல ஒருத்தர் பிரிச்சு, கை பழக்கத்துல சுருட்டியிருக்கார். வரைபட ஆபீசுல வேலை பார்த்த கை. ஆறு தாள்ல பேரும் எழுத்தும் இல்லாத ஒண்ணை மட்டும் எடுத்திருக்கார். அது என்னன்னு அவருக்கு ஏற்கெனவே தெரியும். மீதி அஞ்சுலயும் மூணோட தலை தட்டை. இந்தக் கண்காட்சி அட்டைங்கள்லயும் தட்டை. ஐம்பது வருஷத்துல அந்த மூணு மாறவே இல்ல, மேயர்."

"ஆனா அதுல என்ன இருந்தது?" என்று டெஸ் கேட்டான். "நான்கூடப் பார்த்தேனே. மண்டபத்துத் தரைப்படம். வடக்கு காட்டற அம்பு. வேற ஒண்ணும் இல்ல."

"எந்தப் பக்கமா வச்சுப் பார்த்தே?"

டெஸ் தன் உள்ளங்கையைத் திருப்பி, மறுபடியும் திருப்பிப் பார்த்தான்.

"வென்னிங் மூலப்படத்துல எழுத்துப் போடல. நகல்ல போட்டுக்கலாம்னு விட்டிருப்பார். நகல் எடுத்தவர் அந்தத் துணியைக் கவிழ்த்துப் போட்டு, அதுமேல புதுத் துணியை விரிச்சு வரைஞ்சிருக்கார். கவிழ்ந்திருக்குன்னு எப்படித் தெரியும்? ரெண்டு பக்கமும் கோடு ஒரே மாதிரி, மை எந்தப் பக்கம்னு தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும். வடக்கு அம்பு மேல பார்த்தபடியேதான் இருக்கும். எழுத்து இருந்திருந்தா காட்டிக் கொடுத்திருக்கும். அது இல்லாததால மேற்கு வராந்தா கிழக்கே போயிடுச்சு. இப்ப இருக்கிற அஞ்சுல ஒண்ணு அந்த நகல், அதைப் பார்த்தே மத்த நாலுக்கும் எழுத்துப் போட்டாச்சு. நீவெஸ் வீட்டு இடது கை மாதிரிதான்." உனா வெயில் விழுந்த தரையைப் பார்த்தாள். "கோழிக்கு மேற்குப் பக்கம் கூரையை இறக்கின மனுஷன், மனுஷங்களுக்கு மறப்பாரா? இது எனக்கு முப்பது வருஷம் முன்னாடியே தோணியிருக்கணும். தினம் ரெண்டு வேளை அந்தக் கூட்டுக்குப் போறவ நான்."

ஹில்டா எழுந்தாள். "சைக்கிள்ல வருவானே ஒரு பையன். எங்கம்மா சமையல்கட்டுல உட்கார வச்சுச் சாப்பாடு போடுவா. நீங்களா அது?"

"நாலு மாசம்தான்," என்றார் ஹாப்டே. "பதினேழு வயசு. எட்கர் டெங்குக் காய்ச்சல்ல படுத்திருந்தார். படுக்கையிலேயே நகல்ல கையெழுத்து வாங்கினேன். சட்டமெல்லாம் எழும்பினப்புறம்தான் வந்து பார்த்தார். அங்கேயே நின்னார். என்னைப் பார்த்தார். 'கையெழுத்துப் போட்டது நான், அதனால தப்பு என்னோடது. இதை நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது'ன்னார். எங்கப்பா ஆலையில செத்து ஒரு வருஷம்கூட ஆகல. வீட்டுல எனக்குக் கீழ மூணு பேர். அது அவருக்குத் தெரியும்."

"அவர் சொல்ல வேண்டாம்னார், நீங்க சொல்லல," என்றாள் நீவெஸ் மெதுவாக. "அது வேற."

"அது இல்லம்மா." அவர் கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "திறப்பு விழால மூணு பேர் மயங்கி விழுந்தாங்க. யார் வரைஞ்சதுன்னு கூட்டத்துல கேட்டாங்க. எட்கர் எழுந்து நின்னார். நான் பின்வரிசை. நீ அங்கதானே வேலை பாக்கறேன்னு பக்கத்துல பசங்க எல்லாரும் என்னையே பாத்தாங்க. பயத்துல வாய்ல வந்ததைச் சொன்னேன். 'வென்னிங் அடுப்பு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்துட்டு அவரும் சிரிச்சார்."

ஹாப்டே கைக்குட்டையை எடுத்தார், நெற்றியைத் துடைக்காமலே மடித்து வைத்தார்.

"அந்தப் பேரை வச்சதே நான்தான். அப்புறம் பதினெட்டு வருஷம் மேயரா இருந்து, மேடைக்கு மேடை அதையே சொல்லிச் சிரிக்க வச்சேன். நிறுத்தினா ஏன்னு கேப்பாங்களோன்னு." அவர் நிமிர்ந்தார். "தாள் வண்டியில இருக்கு. தூண்டில் வைக்கிற குழாய்க்குள்ள. கிழிச்சுப் போடத்தான் எடுத்தேன். கிழியல, டெஸ். நல்ல துணி."

டெஸ்ஸுக்குத் தன் பிரசுரம் நினைவு வந்தது. முந்நூறு பிரதி. ஐம்பது வருடம் முன்பு ஒரு பையன் பயத்தில் சொன்னதை, இவன் பயமே இல்லாமல், ஒரு கைதட்டலுக்காக எழுதியிருந்தான்.

*

சனிக்கிழமை காலை முழுவதும் டெஸ் முந்நூறு பிரசுரத்திலும் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்தான். முடித்துவிட்டு, சந்தைத் தாண்டி, இந்தத் தடவை கதவைத் தட்டினான். நீவெஸ் துடைக்கும் துணியை அவன் கையில் கொடுத்து, கழுவாத நாற்பது கோப்பைகளைக் காட்டினாள். அவன் முப்பத்தெட்டாவது கோப்பைக்கு வந்தபோது, பொரித்துச் சர்க்கரை தூவிய இத்தாலியப் பலகாரம் குரோஸ்டொலி ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள். "உடைக்காத," என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அவனுக்குத் துணிவில்லை. ஆனாலும் மென்றான்.

பிற்பகல் நாலு மணிக்கு அந்தத் தாளை மேற்கு ஜன்னல் ஒன்றின் கண்ணாடியில் ஒட்டினார்கள். வெயில் அதை ஊடுருவியது. மண்டபத்துக்குள் நின்று பார்த்தால், மேற்கே வராந்தாவோடு, வென்னிங் வரைந்த மண்டபம். வெளியே போய்ப் பார்த்தால் ஊர் கட்டிய மண்டபம். ஜனங்கள் உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி நடந்தார்கள். ஹாப்டே ஒலிபெருக்கி முன் நின்று, நேற்றுச் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. சொல்லி முடித்ததும் அவர் தனியாக வெளியே போய், மேற்குச் சுவரோரம், தலையில் தொப்பியில்லாமல் வெயிலில் நின்றார்.

டெஸ் டீத்தட்டோடு வாசலுக்கு வந்தபோது ஹில்டா அவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றாளே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்கதானே வந்திருக்கணும்?"

"ஆமா."

"எவ்வளவு அகலம்?"

"பத்தடி. ஒன்பது தூண்." அவர் சற்றுத் தயங்கினார். "வேணும்னா போட்டுக் காட்டறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழவர் சுவரிலிருந்து காலால் பத்தடி அளந்து, கைத்தடியின் முனையை மண்ணில் ஊன்றி, மண்டபத்தின் நீளத்துக்குக் கோடு இழுக்கத் தொடங்கினார். தூண் வருகிற இடத்தில் எல்லாம் நின்று ஒரு குழி போட்டார். ஆறாவது தூணில் மூச்சு வாங்கியது. ஹில்டா தொப்பியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் அதைத் திரும்பவும் போட்டுக்கொள்ளவும் இல்லை. அவர் ஏழாவது தூணுக்கு நகர்ந்தார்.

ஒன்பதாவது குழியும் விழுந்த பிறகு டெஸ் இரண்டு கோப்பைகளோடு அவர்களிடம் போனான். அந்தக் கோட்டருகே வந்ததும், அங்கே ஒரு படி இருப்பது போலக் காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.